தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' முதல் பதிப்புதானா?

கேள்வி இதுதான். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஆங்கில சாகச நாவலாசிரியர் ரைடர் ஹாகார்டின் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' கிடைத்திருக்கிறது. சிவப்புத் துணி அட்டை, பதிப்பித்தது காஸல் நிறுவனம், தலைப்புப் பக்கத்தில் 1885. இது முதல் பதிப்பா? இதையே தொடக்கமாக வைத்துக்கொண்டு பழைய சாகச நாவல்கள், பேய்க்கதைகள், அறிவியல் புனைகதைகள் ஆகியவற்றின் முதல் பதிப்புகளைச் சேர்க்க ஆரம்பிக்கலாமா?

பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். புத்தகத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். முக்கியமாக, பைண்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய புத்தகம் என்றாலே ஓரத்தை வெட்டி, காலிகோ முதுகு போட்டு 'நன்றாக்கி' வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அன்போடு செய்கிற காரியம்தான். ஆனால் அசல் அட்டை போய்விட்டால், சேகரிப்பவர்கள் கண்ணில் புத்தகத்தின் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும்.

சரி, இப்போது 10-ஆம் பக்கத்தைத் திறந்து 14-ஆவது வரியைப் பாருங்கள். 'பமாங்வாட்டோ' என்ற ஆப்பிரிக்க இனப் பெயர் அங்கே வரும். அதில் 'ஜி'க்கு முன்னால் 'என்' இருக்க வேண்டும். முதல் அச்சில் அந்த இடத்தில் தவறாக 'எம்' விழுந்திருக்கும். அடுத்து 307-ஆம் பக்கம், 29-ஆவது வரி. 'வேர்ட்' என்ற எளிய சொல், ஆனால் ஓவும் ஆரும் இடம் மாறி நிற்கும். 122-ஆம் பக்கம், 27-ஆவது வரியில் இரட்டைக் குழந்தைகளை உயிரோடு விடுவது பற்றிய வாக்கியத்தில் தேவையில்லாமல் ஒரு 'டு' நுழைந்திருக்கும். மூன்று பிழைகளும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது முதல் அச்சுத் தாள்கள். திருத்தப்பட்டிருந்தால், 1885 என்று போட்டிருந்தாலும் அது பின்னால் வந்த அச்சு.

ஆண்டு மட்டும் ஏன் போதாது? ஏனென்றால் இந்தப் புத்தகம் ஓடிய ஓட்டம் அப்படி. 1885 செப்டம்பர் 30 அன்று வெளியானது. முதலில் அச்சிட்டது வெறும் 2000 பிரதிகள், அதிலும் 500 பிரதிகள் பைண்ட் செய்யாத தாள்களாகவே நியூயார்க்குக்குப் போயின. முதல் ஆண்டிலேயே 31,000 விற்றது. மறு அச்சுக்கு மேல் மறு அச்சு. தலைப்புப் பக்கத்தில் அதே 1885 இருக்கலாம், உள்ளே பிழைகள் மட்டும் சரியாகியிருக்கும். அந்தக் காலத்தில் எழுத்துகளைக் கையால் கோத்து அடித்தார்கள். முதல் அச்சு வெளியே போன பிறகு யாரோ படித்துப் பார்த்துச் சொல்ல, அடுத்த அச்சுக்கு முன் அந்த எழுத்தை மட்டும் மாற்றினார்கள். அதனால் பிழைதான் நமக்குச் சாட்சி. சேகரிப்பாளர்கள் இவற்றை 'பாயிண்ட்' என்பார்கள். நான் இந்தத் துறையில் கற்றுக்கொண்டதில் மிக உருப்படியான விஷயம் இதுதான்: புத்தகம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை நம்பாமல், அதன் உடம்பைப் பார்க்க வேண்டும்.

இந்த நாவல் ஒரு பந்தயத்தில் பிறந்தது. ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' அவ்வளவு ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று ஹாகார்ட் சொல்ல, அதில் பாதியளவாவது உன்னால் எழுத முடியுமா என்று அவருடைய அண்ணன் சீண்டினார். சில வாரங்களில் எழுதி முடித்தார். காஸல் நிறுவனம் 100 பவுண்டுக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ள முன்வந்தது. கையெழுத்துப் போட இருந்த நேரத்தில், அறையில் இருந்த ஒரு குமாஸ்தா, ராயல்டி வாங்கிக்கொள்வது நல்லது என்று மெல்லச் சொன்னாராம். ஹாகார்ட் மனத்தை மாற்றிக்கொண்டார். அந்தக் குமாஸ்தாவை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. தலைப்புப் பக்கத்துக்கு எதிரே மடித்து வைத்த வண்ண வரைபடம் ஒன்று இருக்க வேண்டும். கதையில் ஜோஸே ட சில்வெஸ்ட்ரா சாகும் நேரத்தில் ஒரு துணித் துண்டில் தன் ரத்தத்தால் வரைந்த படத்தின் நகல் அது. பிரித்துப் பிரித்துப் பார்த்து மடிப்பில் கிழிவதும், பிள்ளைகள் உருவி எடுப்பதும் சகஜம். இல்லையென்றால், அந்த இடத்தில் முதுகை ஒட்டிக் கால் அங்குல அளவில் ஒரு தாள் நறுக்கு நிற்கிறதா பாருங்கள். அதைக் கண்டால் வரைபடம் இருந்து போயிருக்கிறது என்று அர்த்தம். வரைபடம் இல்லாத பிரதியும் வைத்துக்கொள்ளத் தகுந்ததுதான், ஆனால் முழுப் பிரதி என்று சொல்ல முடியாது. கடைசியில் காஸல் நிறுவனத்தின் விளம்பரப் பக்கங்கள் இருந்தால் அவற்றின் அடியில் பொடி எழுத்தில் 8.85 என்று முடியும் ஒரு குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். 1885 ஆகஸ்ட் என்று பொருள். முதலில் பைண்ட் செய்த பிரதிகளில் அதுதான் இருக்கும்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். பல வருடங்களுக்கு முன் ஹாகார்டின் 'ஷீ' நாவலை, லாங்மன்ஸ் 1887 முதல் பதிப்பு என்று வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். நீலத் துணி அட்டை, முன்னால் கதையில் வரும் பழைய மண்பாண்டச் சில்லின் வண்ணப் படம், எல்லாம் இருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் 269-ஆம் பக்கத்தின் 38-ஆவது வரியைப் பார்க்க வேண்டும் என்று படித்தேன். 'குட்னஸ் மீ' என்று ஒரு பாத்திரம் வியக்கும் இடம். முதல் அச்சில் அதில் ஒரு ஓ விடுபட்டு 'காட்னஸ் மீ' என்று இருக்கும். என் பிரதியில் இரண்டு ஓவும் அழகாக, சரியாக இருந்தன. சரியான எழுத்தைப் பார்த்து அவ்வளவு வருத்தப்பட்டது அன்றுதான். விற்றவர் பொய் சொல்லவில்லை, ஆண்டை மட்டும் பார்த்து எழுதிவிட்டார். கேட்காமல் வாங்கியது என் பிழை. அன்றிலிருந்து பணம் அனுப்புவதற்கு முன் குறிப்பிட்ட பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. நேர்மையான விற்பனையாளர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

'ஷீ'யில் இன்னொரு சிக்கலும் உண்டு. லண்டன் பதிப்பு 1887 ஜனவரியில் வந்தது. ஆனால் அமெரிக்காவில் ஹார்ப்பர் நிறுவனம் அதற்கு ஒரு வாரம் முன்பே, 1886 டிசம்பர் கடைசியில் புத்தகமாகப் போட்டுவிட்டது. அப்படியானால் எது முதல் பதிப்பு? இந்தச் சண்டைக்கு மிக நல்ல உதாரணம் எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்'. நியூயார்க்கின் ஹென்றி ஹோல்ட் 1895 மே 7 அன்று வெளியிட்டது. லண்டனில் ஹைன்மன் அதே மாதக் கடைசியில் வெளியிட்டது. ஹோல்ட் பதிப்பின் முதல் பிரதிகளில் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே 'எச். எஸ். வெல்ஸ்' என்று தவறாக இருக்கும், பிறகு திருத்தினார்கள். இரண்டின் உரையும் ஒன்றல்ல. தொடக்கமே வேறு. நாம் இன்று படிப்பது ஹைன்மன் உரையின் வழி வந்தது. காலத்தால் முந்தியது ஹோல்ட், ஆசிரியர் வாழ்ந்த நாட்டில் வந்தது ஹைன்மன். ஆசிரியரின் சொந்த நாட்டுப் பதிப்பையே தேடுவது பலருடைய வழக்கம். என் கட்சியும் அதுதான். சாம்பல் துணியில் ஊதா நிறத்தில் ஸ்பிங்க்ஸ் உருவம் பதித்த அந்த ஹைன்மன் அட்டையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். துணி அட்டையில் 1500, தாள் அட்டையில் 6000 போட்டார்கள். எண்ணிக்கையில் நான்கு மடங்கு இருந்தும், தாள் அட்டைப் பிரதிகள் கைமாறிக் கைமாறிக் கிழிந்துவிட்டன. இன்று நல்ல நிலையில் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். மலிவாக அச்சிட்டதுதான் முதலில் அழியும்.

வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' (பியர்சன், 1897) இன்னும் எளிது. கதை தொடங்கும் முதல் பக்கத்தில் 1 என்பதற்குப் பதில் 2 என்று எண் விழுந்திருக்கும். அதே ஆண்டு மே மாதம் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் எழுத்துப் பிழையைத் தேட வேண்டியதில்லை. மஞ்சள் துணி, சிவப்பு எழுத்து, ஆர்ச்சிபால்ட் கான்ஸ்டபிள் நிறுவனம், விலை 6 ஷில்லிங். கடைசியில் ஸ்டோக்கரின் 'தி ஷோல்டர் ஆஃப் ஷாஸ்டா' என்ற நூலுக்கான விளம்பரம் இல்லாதிருந்தால் முந்திய பிரதி, இருந்தால் சற்றுப் பிந்தியது. அந்த மஞ்சள் துணி கை பட்ட இடமெல்லாம் அழுக்காகிவிடும், அதனால் சுத்தமான டிராகுலா என்று யாராவது காட்டினால் இரண்டு முறை பாருங்கள். கழுவியோ சாயம் ஏற்றியோ இருக்கலாம்.

நம் வீட்டுப் பெட்டிகளில் இருந்து வெளிவரும் புத்தகங்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயத்துக்கு இப்போது வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1886-இல் மாக்மில்லன் நிறுவனம் 'காலனி நூலகம்' என்று ஒரு வரிசையைத் தொடங்கியது. லாங்மன்ஸ், ஹட்சின்சன், பெல், ஹைன்மன் என்று மற்றவர்களும் சொந்தமாக இப்படி வரிசைகள் நடத்தினார்கள். இங்கிலாந்தில் 6 ஷில்லிங்குக்கு விற்ற நாவலை இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மலிவாக விற்பதற்காகப் போட்டவை இவை. 'இந்தியாவிலும் பிரிட்டிஷ் காலனிகளிலும் மட்டுமே விற்பனைக்கு' என்ற பொருளில் தலைப்புப் பக்கத்தின் முன்னாலோ பின்னாலோ ஒரு வரி இருக்கும். டிராகுலாவுக்கே 1897-இல் ஹட்சின்சன் காலனி நூலகத்தில் ஒரு பதிப்பு உண்டு. பல சமயம் இவற்றின் உள்தாள்கள் லண்டன் முதல் அச்சின் தாள்களேதான், அட்டையும் தலைப்புப் பக்கமும் மட்டும் வேறு. அதனால் உள்ளே முதல் அச்சின் பிழைகள் இருந்து, வெளியே வேறு சட்டை போட்டிருக்கும்.

லண்டன் விற்பனையாளர்கள் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. மெட்ராஸில் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகளுக்கு வந்து, ரயில் பயணத்தில் படிக்கப்பட்டு, வக்கீல் வீட்டு அலமாரியிலும் கிளப் நூலகத்திலும் இருந்து, பிறகு மூர் மார்க்கெட்டுக்குப் போனவை. அந்த மார்க்கெட்டும் 1985 தீயில் போனது. ஈரம், பூச்சி, பழைய பேப்பர்க்காரர் மூவரையும் தாண்டி மிஞ்சியவை கொஞ்சம்தான். என்னிடம் இருக்கும் ஹாகார்ட் காலனிப் பதிப்பு ஒன்று திருவல்லிக்கேணி நடைபாதையில் கிடைத்தது. முதுகு பாதி இல்லை. உள் அட்டையில் கடையின் சிறிய நீல லேபிள், அதன் கீழே யாரோ பென்சிலில் அணா கணக்குப் போட்டிருக்கிறார். சந்தையில் அதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் அந்த நாவல் இந்த ஊருக்கு முதன்முதலில் எந்த உருவத்தில் வந்ததோ அந்த உருவம் அது. எனக்கு அது லண்டன் பதிப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் தமிழ்நாட்டுக்காரர் என்னிடம் கேட்டால், முதலில் காலனிப் பதிப்புகளைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். பழைய வீடு காலி செய்கிற இடங்களில் இன்னும் வருகிறது. நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும் அதுதான்.

20-ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்ததும் ஆட்டத்தின் விதி மாறுகிறது. இங்கே மேலுறைதான் ராஜா. ஜாக்கெட் என்று சொல்வார்களே, அதுதான். வாங்கியவர்கள் அதைப் பொட்டலத் தாள் மாதிரி கிழித்து எறிந்தார்கள், அதனால் அது இருக்கும் பிரதிக்கும் இல்லாத பிரதிக்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம்கூட வரும். இங்கேதான் ஏமாற்றும் அதிகம். பின்னால் வந்த அச்சின் மேலுறையை எடுத்து முதல் அச்சுக்குப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் இன்றைய பிரிண்டரில் எடுத்த நகலாக இருக்கும். உறையின் உள்பக்கம் பளீரென்று வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நகலில் எழுத்தின் ஓரம்கூட வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். உள்மடிப்பில் விலை இருக்கிறதா, வெட்டியிருக்கிறதா என்பதும் முக்கியம்.

அமானுஷ்யக் கதைகளில் எனக்கு மனத்துக்கு நெருக்கமானது ஆர்க்கம் ஹவுஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம். திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1937-இல் இறந்தபோது அவர் கதைகள் ஒழுங்கான ஒரு தொகுப்பாகக்கூட வந்திருக்கவில்லை. நண்பர்கள் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வான்ட்ரெயும் பதிப்பாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கி, லவ்கிராஃப்ட் கற்பனை செய்த ஊரின் பெயரையே அதற்கு வைத்து, விஸ்கான்சின் மாநிலத்தின் சாக் சிட்டி என்ற சிற்றூரில் இருந்து 1939-இல் 'தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்' தொகுப்பை வெளியிட்டார்கள். 1268 பிரதிகள், விலை 5 டாலர், மேலுறை ஓவியம் வர்ஜில் ஃபின்லே. விற்றுத் தீர வருடக் கணக்கில் ஆனது. இன்று அதன் விலை பல ஆயிரம் டாலர். ஆனால் ஆர்க்கம் ஹவுஸில் எல்லாமே அப்படி அல்ல. பின்னால் வந்த பல தொகுப்புகள் ஒரு நல்ல செல்போன் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். இன்னொரு சௌகரியம், பல நூல்களின் கடைசிப் பக்கத்தில் எத்தனை பிரதி அச்சிட்டார்கள், எங்கே அச்சிட்டார்கள் என்று அவர்களே எழுதிவிடுவார்கள். கறுப்புத் துணி அட்டை, முதுகில் தங்க எழுத்து. நான்கைந்து சேர்ந்தால் அலமாரியில் ஒரு தட்டுக்கே களை வந்துவிடும்.

அமெரிக்கப் புத்தகங்களில் இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று மறுபதிப்புக் கம்பெனிகள். 'டார்ஜான் ஆஃப் தி ஏப்ஸ்' முதல் பதிப்பு 1914, சிகாகோவின் ஏ. சி. மெக்ளர்க். ஏ. எல். பர்ட், கிராசெட் அண்ட் டன்லப் போன்றவர்கள் மறுபதிப்புப் போட்டபோது பதிப்புரிமைப் பக்கத்தில் அதே 1914-ஐ விட்டுவைத்தார்கள். தலைப்புப் பக்கத்தின் அடியில் யார் பெயர் என்று பாருங்கள். இரண்டாவது பொறி, புக் கிளப் பதிப்புகள், அதாவது கிளப் உறுப்பினர்களுக்கு மலிவாக அச்சிட்டு அனுப்பியவை. டபுள்டே நடத்திய அறிவியல் புனைகதை புக் கிளப் 1953 முதல் லட்சக்கணக்கில் அனுப்பியது. பார்க்க அசல் போலவே இருக்கும், ஆனால் மேலுறையில் விலை இருக்காது, தாள் மெல்லியது, கையில் எடுத்தாலே எடை குறைவு தெரியும்.

பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (பாலன்டைன், 1953) பற்றி நிறைய பேர் கேட்பார்கள். அதில் 200 பிரதிகளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த அட்டையில், ஆசிரியர் கையெழுத்தோடு போட்டார்கள். புத்தகத்தை எரிப்பது பற்றிய நாவலுக்கு எரியாத அட்டை. நம்மைப் போன்றவர்கள் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818, மூன்று தொகுதி, 500 பிரதிகள்) அதைவிட மேலே. அசல் அட்டையோடு இருந்த ஒன்று 2021-இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் போனது.

குறைந்த செலவில் உண்மையான முதல் பதிப்பு வேண்டுமென்றால் பேப்பர்பேக் ஒரிஜினல்களைப் பாருங்கள். கெட்டி அட்டையே இல்லாமல் நேராக மலிவு அட்டையில் முதன்முதலாக வந்தவை. ஏஸ் நிறுவனம் 1952 முதல் இரண்டு நாவல்களை முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றதன் அட்டை வருகிற மாதிரிப் போட்டது. ஃபிலிப் கே. டிக்கின் முதல் நாவல் 'சோலார் லாட்டரி' 1955-இல் அப்படித்தான் வந்தது, விலை 35 சென்ட். அதன் மறுபக்கம் லீ பிராக்கெட்டின் 'தி பிக் ஜம்ப்'. இந்த வகையில் பல நல்ல நாவல்கள் இன்னும் சாதாரணச் சம்பளக்காரர் வாங்கும் விலையில் இருக்கின்றன. தாள் மட்டும் அமிலம் மிகுந்த மட்டத் தாள், பழுப்பாகி ஓரம் உதிரும்.

வாங்கும்போது நிலை பற்றிய சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வியாபாரத்தில் 'ஃபைன்' என்றால்தான் புதிதுபோல் இருக்கிறது. 'வெரி குட்' என்றால் தேய்மானம் தெரிகிறது. 'குட்' என்றால் நிறைய அடிபட்டிருக்கிறது, ஆனால் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன என்ற அளவுதான். நூலக முத்திரை குத்திய பிரதிக்கு மதிப்பு கணிசமாகக் குறையும். விற்பவர் அமெரிக்காவின் ஏபிஏஏ, பிரிட்டனின் ஏபிஏ, அல்லது பன்னாட்டு அளவில் ஐலாப் ஆகிய பழைய புத்தக விற்பனையாளர் சங்கங்களில் ஒன்றைச் சேர்ந்தவரா என்று பாருங்கள். விவரத்தில் தவறு இருந்தால் அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வழி உண்டு.

புத்தகம் வாங்கும் முன் புத்தகங்களைப் பற்றிய புத்தகம் வாங்குங்கள். எல். டபிள்யூ. கரி 1979-இல் தொகுத்த அறிவியல் புனைகதை, மிகைக்கற்பனை ஆசிரியர்களின் முதல் அச்சுப் பட்டியல் இன்றும் இந்தத் துறையின் அகராதி. பேய்க்கதைகளுக்கு எவரெட் பிளைலர் தொகுத்த நூல்கள். ஒரே ஆசிரியரையோ ஒரே பதிப்பகத்தையோ எடுத்துக்கொண்டு அதில் ஊறுங்கள். எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் கண் தேராது. ஹாகார்ட் கையில் வந்திருக்கிறார், அவரிலேயே நில்லுங்கள். ஐம்பதுக்கும் மேல் நாவல் எழுதியவர். மூன்று நான்கைத் தவிர மற்றவற்றின் முதல் பதிப்புகளை இன்று யாரும் போட்டி போட்டு வாங்குவதில்லை.

கடைசியாக, காப்பது. நம் ஊர் ஈரத்தில் பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும்தான் எதிரிகள். மூடிய டிரங்குப் பெட்டியும், வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். காற்றோடும் தட்டில், வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். உள்ளே வேப்பிலை வைக்கும் பழக்கம் உண்டு, தாளில் கறை பிடிக்கும், வேண்டாம். பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, எடுத்த பின் பையைப் பிரிக்காமலேயே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

முன்பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தோ தேதியோ இருந்தால் அழிக்காதீர்கள். எந்த ஊர், எந்தக் கடையில் வாங்கினார் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு ஒரு தனித் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். 10, 122, 307 ஆகிய மூன்று பக்கங்களையும், வரைபடம் இருக்க வேண்டிய இடத்தையும், கடைசி விளம்பரப் பக்கத்தின் அடியையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.